தன் பால், வங்கிப் பால், பவுடர் பால்: குறைமாதக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது?

என் தங்கைக்கு 31-ஆவது வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் நடு இரவில் அவசர சிசேரியன். பெண் குழந்தை, 1,380 கிராம். தங்கை ஒரு தளத்தில், குழந்தை இரண்டு தளம் மேலே பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து, "அம்மாவுக்கு இன்னும் பால் வரல. தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் குடுக்கலாமா, இல்ல குறைமாதக் குழந்தைக்கான பவுடர் பால் குடுக்கலாமா? ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். தாய்ப்பாலில் என்னென்ன இருக்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஆனால் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது, எழுதிப் போட்டதெல்லாம் எந்த வரிசையில் முக்கியம் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பத்து நாளில் வீட்டில் நான்கு யோசனைகள் அடிபட்டன. தங்கையின் சொந்தப் பால், வேறு அம்மாக்கள் தானமாகக் கொடுத்த வங்கிப் பால், பவுடர் பால், அப்புறம் தங்கையின் மாமியார் சொன்ன நாத்தனார் பால். இதே இடத்தில் நிற்கிற இன்னொரு குடும்பத்துக்கு உதவும் என்பதால் நான்கையும் எழுதி வைக்கிறேன். இது குறைமாதக் குழந்தைக்கு, அதுவும் முதல் சில வாரங்களுக்கு எடுக்கிற முடிவு. மூன்று கிலோவில் முழு மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதே கணக்கைப் போட வேண்டாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பயம் எதைப் பற்றி என்று தெரிய வேண்டும். அந்தப் பிரிவில் எல்லோரும் 'நெக்' என்று சுருக்கிச் சொல்வார்கள், நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ். குடலின் சுவர் வீங்கி, செத்து, சில சமயம் ஓட்டை விழும் நோய். முழு மாதக் குழந்தைக்கு இது அபூர்வம். 31 வாரக் குழந்தையின் குடல் உள்பூச்சு இன்னும் சல்லடை மாதிரி, கிருமியைத் தடுக்கும் சளிப் படலம் மெலிசு, கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதமான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தன் சொந்தமாகக் கிட்டத்தட்ட இல்லை. தொப்புள்கொடி வழியாக அம்மாவிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்பொருளில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் வந்து சேரும். அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி இந்தக் குழந்தைக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் இவளுக்குப் பால் என்பது சாப்பாடு மட்டும் இல்லை, பாதி மருந்து.

சொந்தப் பாலிலிருந்து தொடங்குகிறேன். தங்கையிடமிருந்து முதலில் வந்தது அரை மில்லி. இரண்டு மில்லி சிரிஞ்சில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த, மஞ்சள் கலந்த, தேன் மாதிரி கெட்டியான சீம்பால். தங்கை அதைப் பார்த்து அழுதாள். "இதைப் போய் எப்படிக்கா குடுத்தனுப்புறது, சிரிப்பாங்க" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. பஞ்சுக் குச்சியில் தொட்டுக் குழந்தையின் கன்னத்து உள்பக்கம் தடவினார்.

அந்த அரை மில்லியில் நிறைந்திருப்பது சுரப்பு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள். சீம்பாலில் இது மிக அதிகம், நாள் ஆக ஆகக் குறைந்து, முதிர்ந்த பாலில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் நிற்கும். அது குழந்தையின் ரத்தத்துக்குள் போவதில்லை. குடல் சுவரின் மேல் பூச்சு மாதிரி படிந்து, கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கிருமி என்பதுதான் விசேஷம். அம்மா விழுங்குகிற, சுவாசிக்கிற கிருமிகளை அவள் குடலும் மூச்சுக்குழாயும் அடையாளம் காண்கின்றன. அங்கே பழகிய செல்கள் மார்புச் சுரப்பிக்கு வந்து உட்கார்ந்து, அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருளையே பாலில் விடுகின்றன. ஆக, தங்கை சக்கர நாற்காலியில் மேலே போய், குழந்தையைத் தன் நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து வைத்திருக்கும்போது, அந்த வார்டில் உலவும் கிருமிகள் அவளுக்கும் அறிமுகமாகின்றன. அவற்றுக்கான பதில் பாலில் வர வாய்ப்பு உண்டு. வங்கிக்குக் கொடுத்த பெண்ணின் பாலில் அந்தப் பெண்ணின் வீட்டுக் கிருமிகளுக்கான பதில்தான் இருக்கும். நான் பாடம் எடுக்கும்போது இதை ஒரு வரியில் தாண்டிவிடுவேன். வார்டில் நின்று பார்த்தபோதுதான் இதன் அர்த்தம் புரிந்தது.

அடுத்தது லாக்டோஃபெரின். கிருமி வளர இரும்பு வேண்டும், இது அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற புரதம். சீம்பாலில் லிட்டருக்கு ஐந்து கிராம் வாக்கில், பிறகு ஒன்றிலிருந்து மூன்று கிராம். பசும்பாலில் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. லைசோசைம் என்ற நொதி கிருமியின் செல்சுவரை உடைப்பது. பசும்பாலில் இருப்பதைவிடத் தாய்ப்பாலில் பல நூறு மடங்குக்கு மேல். இவற்றோடு குடலின் உள்பூச்சை வளர்க்கும் எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி, கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் நொதி, உயிரோடு இருக்கும் வெள்ளணுக்கள். குறைமாதத்தில் பெற்ற அம்மாவின் பாலில் முதல் வாரங்களில் புரதமும் கூடுதல். குழந்தை சீக்கிரம் வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்ட மாதிரி.

எனக்குப் பிடித்தது மனிதப்பால் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைக் கூட்டம். இருநூறு வகைக்குப் பக்கம் அடையாளம் கண்டிருக்கிறார்கள். லாக்டோஸும் கொழுப்பும் போக, பாலில் உள்ள திடப்பொருளில் இதுதான் அடுத்த இடம், முதிர்ந்த பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் இதைச் செரிக்க முடியாது. அப்புறம் எதற்கு அம்மா உடம்பு இவ்வளவு சிரமப்பட்டு இதைத் தயாரிக்கிறது? குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிகளுக்கு இதுதான் தீனி. இன்னொரு வேலையும் உண்டு. குடல் செல்லில் கிருமி பிடித்துக்கொள்ளும் கொக்கி மாதிரியே சில சர்க்கரைகள் இருக்கும். கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். எல்லா அம்மாக்களுக்கும் ஒரே கலவையும் கிடையாது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வேறுபாட்டால், பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாலில் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பெரிய வகை இருக்காது. அவர்கள் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

சரி, சொந்தப் பால்தான் முதலிடம் என்பதில் தகராறு இல்லை. அது இல்லாத இரண்டு மூன்று நாளுக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அந்த நிலையில் வங்கிப் பாலும் பவுடர் பாலும் எதிரெதிரே நிற்கின்றன.

வங்கிப் பால் என்றதும் மாமியார் முகம் சுளித்தார். "யாரோ எவளோ, என்ன வியாதியோ" என்றார். அந்தப் பயத்துக்கு வங்கியிடம் பதில் இருக்கிறது. கொடுக்கும் பெண்ணுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் சோதனை உண்டு. வாங்கிய பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உடனே குளிர வைத்து, கிருமி வளர்கிறதா என்று சோதித்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி. தமிழக அரசும் சென்னை எழும்பூர் உட்படச் சில அரசு மருத்துவமனைகளில் வங்கிகளைத் திறந்திருக்கிறது.

சூடாக்குவதில் எது போகிறது, எது தங்குகிறது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. வெள்ளணுக்கள் செத்துவிடும். லைபேஸ் நொதி முற்றாகப் போய்விடும், அதனால் கொழுப்பு உடம்பில் சேர்வது குறையும். லாக்டோஃபெரின் பெரும்பகுதி வீணாகும், லைசோசைம் குறையும். சுரப்பு ஐஜிஏ பாதிக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அந்தச் சர்க்கரைக் கூட்டத்துக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை, சூடு அதைத் தொடுவதே இல்லை. காய்ச்சிய ரசத்தில் கொத்தமல்லி வாசம் போனாலும் புளிப்பும் உப்பும் அப்படியே இருப்பது போலத்தான்.

இவ்வளவு போன பிறகும் அது வேலை செய்கிறதா? ஆலன் லூகாஸும் கோலும் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பழைய, இன்றும் எல்லோரும் சொல்கிற ஒன்று. பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக நெக் வந்தது. சூடாக்கிய வங்கிப் பாலும் ஏறக்குறைய அதே அளவு காப்பாற்றியதாகத் தெரிந்தது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல, அதனால் அந்த 6, 10 என்ற எண்களை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். 2024-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 29 வாரத்துக்கு முன் அல்லது ஒரு கிலோவுக்குள் பிறந்த 483 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நெக் வந்தது வங்கிப் பால் குழுவில் 4.2 சதவீதம், பவுடர் பால் குழுவில் 9 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். மூளை வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. எடை கூடியது பவுடர் பால் குழுவில்தான் அதிகம்.

இந்தக் கடைசி விஷயத்தை வங்கிப் பாலுக்கு வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் மெல்லமாகத்தான் சொல்வார்கள். காரணம் எளிது. வங்கிக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முழு மாதத்தில் பெற்று, சில வாரமோ மாதமோ ஆன அம்மாக்கள். அந்தப் பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் வாக்கில்தான் புரதம். இந்த எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு நாளைக்கு மூன்றரை, நான்கு கிராம் புரதம் வேண்டும். கிலோவுக்கு 160 மில்லி கொடுத்தாலும் கிடைப்பது ஒன்றரை கிராம்தான். பாத்திரம் மாற்றும்போதும் குழாயில் ஓடும்போதும் கொழுப்பு வேறு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் வங்கிப் பால் என்று முடிவு செய்தால், சத்தூட்டி பவுடர் கலப்பார்களா, எந்த அளவு பால் போகும்போது கலக்கத் தொடங்குவார்கள் என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சொந்தப் பாலுக்கும் இந்த எடையில் பெரும்பாலும் கலப்பார்கள். அந்தச் சத்தூட்டி பெரும்பாலும் பசும்பாலிலிருந்து செய்ததுதான் என்பது இதில் ஒரு வேடிக்கை.

பவுடர் பாலுக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தைக்கான பவுடரில் புரதம், கால்சியம், மீன் எண்ணெயில் இருப்பது போன்ற கொழுப்பு எல்லாம் அளந்து போட்டிருக்கிறார்கள். எப்போதும் கிடைக்கும், ஒவ்வொரு மில்லியிலும் என்ன இருக்கிறது என்று தெரியும். எடை ஏறும். சில நிறுவனங்கள் இப்போது அந்த இருநூறு சர்க்கரைகளில் ஒன்றிரண்டைத் தொழிற்சாலையில் தயாரித்துச் சேர்க்கின்றன. டப்பாவில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இருநூறு பேர் பாடும் கச்சேரியில் இரண்டு பேரை மட்டும் மேடையேற்றினால் எப்படியோ அப்படித்தான் என் கணிப்பு.

தனியாகப் பிரித்தெடுத்த ஒரு பொருள் பாலுக்கு ஈடாகுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2,203 குறைமாதக் குழந்தைகளுக்கு, பாதிப் பேருக்குப் பசுவின் லாக்டோஃபெரினைப் பாலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. தொற்று குறையவில்லை. சோதனைக்குழாயில் அவ்வளவு அழகாகக் கிருமியைக் கொல்லும் பொருள் அது. லாக்டோஃபெரினும் லைசோசைமும் எதிர்ப்பொருளும் சேர்ந்து செய்கிற வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 'லாக்டோஃபெரின் சேர்த்தது' என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால் இப்போது எனக்குக் கை நீளுவதில்லை.

பவுடர் பால் தவிர வழியே இல்லை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொடி கிருமி நீக்கியது அல்ல. 70 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். ஃபிளாஸ்க்கில் காலையில் ஊற்றிய வெந்நீர் சாயங்காலம் அந்தச் சூட்டில் இருக்காது.

நாத்தனார் பால் விஷயம் சுவாரசியமானது. மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஐந்து மாதக் குழந்தை, பால் தாராளம். "வீட்டுலயே பால் இருக்கும்போது வங்கிக்கு ஏன் போகணும்? என் மாமியார் காலத்துல ஒருத்தி புள்ளைக்கு இன்னொருத்தி குடுத்ததில்லையா?" என்றார் மாமியார். செவிலித்தாய் என்று நமக்கு ஒரு சொல்லே இருக்கிறது, அதனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. சூடாக்காத பால் என்பதால் லைபேஸும் லாக்டோஃபெரினும் முழுசாக இருக்கும் என்று எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. டாக்டர் ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: சைட்டோமெகாலோ வைரஸ். நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பது. பால் சுரக்கும் காலத்தில் பாலில் வரும். முழு மாதக் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. போதுமான எதிர்ப்பொருள் வாங்காமல் வந்துவிட்ட 31 வாரக் குழந்தைக்கு, வேறொரு பெண்ணின் பச்சைப் பால் வழியாக அது போவது நல்லதல்ல. உறைய வைத்தால் குறையும், முழுக்கச் சாகாது. சூடாக்கினால்தான் சாகும். சூடாக்கிய பிறகு அது வங்கிப் பால்தான். ஆக, நாத்தனாருக்குச் சரியான வழி வங்கிக்குக் கொடுப்பது. அவர் கொடுத்தார். அது எந்தக் குழந்தைக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது.

பக்கத்துப் படுக்கையில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுக்கு வங்கிப் பாலில் வேறு ஒரு கேள்வி, பால்குடி உறவு: ஒரே பெண்ணிடம் பால் குடித்த குழந்தைகள் உடன்பிறப்பு முறையாகிவிடுவது. பல பெண்களின் பாலைச் சேர்த்துச் சூடாக்கும்போது யார் யாருக்குப் பால்குடி உறவாகிறார்கள்? அவர்கள் பள்ளிவாசலில் கேட்டு முடிவு செய்துகொண்டார்கள். இது கேலிக்குரிய கேள்வி அல்ல, வார்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய ஒன்று.

காசு விஷயம் சுருக்கமாக. அரசு மருத்துவமனை வங்கிகளில் பால் இலவசம். தனியார் இடங்களில் சோதனைக்கும் பதப்படுத்துவதற்கும் கட்டணம் வாங்குகிறார்கள். இணையத்தில் யாராவது தாய்ப்பால் பாட்டிலோ, தாய்ப்பால் பவுடரோ விற்றால் வாங்க வேண்டாம். தாய்ப்பாலை வியாபாரம் செய்யக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் மறுபடியும் எச்சரித்திருக்கிறது. கழுதைப் பால் பற்றியும் ஒரு பெரியவர் சொன்னார், தெருவில் கழுதையோடு வந்து சங்கில் கறந்து விற்பார்களே, அது வேண்டாம். தேன் தொட்டு வைக்கும் சேனைப் பழக்கமும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

எங்கள் முடிவு: வங்கிப் பால், ஆனால் நாள் எண்ணி. அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது, வங்கியா பவுடரா என்ற கேள்வியிலேயே எங்கள் கவனம் முழுக்கப் போய்விட்டது என்பதுதான். குழந்தைக்கு அப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று மில்லிதான் தேவை. அதை அம்மாவே தர வாய்ப்பிருந்த முதல் இரவில் யாரும் தங்கையிடம் பால் பீய்ச்சச் சொல்லவில்லை. பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளைக்கு எட்டு முறையாவது, இரவிலும் விடாமல் பீய்ச்ச வேண்டும். முதல் இரண்டு நாள் கையால் பீய்ச்சினால் பம்பைவிடச் சீம்பால் நன்றாக வரலாம். மயக்கம் தெளிந்து தங்கை படுத்திருந்த அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் எல்லோரும் மேலே குழந்தையைப் பார்க்கத்தான் போனோம். நானும்தான்.

இரண்டாம் நாள் மாலை தொடங்கினோம். ஐந்தாம் நாள் ஒருமுறைக்கு 15 மில்லி வந்தது. எட்டாம் நாள் வங்கிப் பாலை நிறுத்தினார்கள். பவுடர் பால் ஒரு தடவைகூடக் கொடுக்க நேரவில்லை. நேர்ந்திருந்தால் கொடுத்திருப்போம், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. வங்கியே இல்லாத ஊர்களில் டாக்டர்கள் பவுடர் பாலை மிக மெதுவாகக் கூட்டி, வயிறு உப்புகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்துக் குழந்தைகளைக் கரை சேர்க்கிறார்கள்.

முழு மாதக் குழந்தை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அங்கே கணக்கு வேறு. பெலாரஸில் 17,046 தாய் சேய் ஜோடிகளை வைத்து நடந்த பெரிய சோதனையில், தாய்ப்பால் ஊக்குவித்த மருத்துவமனைகளில் முதல் வருடம் வயிற்றுப்போக்குத் தொற்று 40 சதவீதம் குறைந்தது, தோல் கரப்பானும் குறைந்தது. ஆஸ்துமாவோ பின்னாளைய உடல் பருமனோ குறையவில்லை. தாய்ப்பாலுக்கு இதுவே போதுமான பெருமை, எல்லா நோய்க்கும் அதைக் காவலாக்க வேண்டியதில்லை. மூன்று கிலோ குழந்தைக்கு ஓரிரு நாள் பவுடர் பால் கொடுக்க நேர்ந்ததற்காக அழுகிற அம்மாவிடம் நெக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவது அநியாயம்.

33 வாரக் கணக்கு முடிந்த அன்று குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் கொடுத்துப் பார்த்தார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே மூக்கு வைத்த பாலாடைதான், எஃகில். நர்ஸ் விளிம்பைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தார். பன்னிரண்டு மில்லியில் பாதி கழுத்துத் துணியில் வழிந்தது. "அய்யோ, அதுல அரை மணி நேர உழைப்பு இருக்குக்கா" என்றாள் தங்கை. அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.